நங்கைக்குச் சொல்ல ஃபேண்டசி நாவல்கள் வேண்டும், பெண்களுக்குள் இருக்கிற உறவுதான் கதையாக இருக்க வேண்டும்

தாராபுரத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஃபேண்டசி நாவல் கையில் கிடைத்தால் சோறு தண்ணி நினைப்பு வராது. எங்கள் அண்ணனைக் கட்டியவர் ஊரில் தோட்டத்தில் இருக்கிறார், நான் நங்கை என்றுதான் கூப்பிடுவேன். நாலு கறவை மாடு, முருங்கை, கொஞ்சம் கடலைக்காய். பொழுதோட பாலை சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, சமையல் முடித்து, எட்டரை மணி வாக்கில் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு ஏதாவது கைவேலை பார்ப்பார். நான் படித்த நாவலைத் தமிழில் கதையாகச் சொல்வேன். போன ஆடியில் ஆரம்பித்தது, இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷமாக எங்களுக்குள் நோம்பி, கல்யாணம், சாவு என்று பார்த்துக்கொண்ட பேச்சுத்தான். இப்போது ஒரு நாள் போன் போடாவிட்டாலும் இரண்டு பேருக்கும் என்னவோ போல ஆகிவிடுகிறது.

போன மாதம் ஒரு பெரிய போர்க்கதையைச் சொல்லி முடித்தேன். கதாநாயகி வாளெடுத்துச் சண்டை போடுகிறவள், எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம். நங்கை கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். "ஏன் அம்மிணி, இந்தப் புள்ளைக்கு அம்மா இல்லியா, சேக்காளி இல்லியா, ஒரு அத்தை சித்தி கூடவா இல்ல? எல்லாம் ஆம்பளைங்க கூடவே சுத்திட்டுக் கெடக்குதே."

எனக்குப் பதில் வரவில்லை. என் அலமாரியை எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கிறது. அம்மா முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போவாள், அல்லது பிறக்கும்போதே இருக்க மாட்டாள். இன்னொரு பெண் வந்தால் அவள் பொறாமைக்காரியாக இருப்பாள், இல்லை சூனியக்காரக் கிழவியாக இருப்பாள்.

அதனால் கேட்கிறேன். அம்மா மகள், சிநேகிதிகள், அக்கா தங்கை, பாட்டி பேத்தி, மாமியார் மருமகள், எஜமானி வேலைக்காரி, காதலிக்கிற இரண்டு பெண்கள், எதுவாக இருந்தாலும் சரி. அந்த உறவுதான் கதையை நகர்த்த வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால் பரவாயில்லை, நான் தமிழில் சொல்லிவிடுவேன், ஆனால் வாயால் சொல்லக்கூடிய கதையாக இருக்கட்டும். அறுபது பெயரும் நாலு வரைபடமும் இருந்தால் போனில் எடுபடாது. என் மகளுக்குப் பதினாலு வயது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள். நங்கை பத்தாவது வரை படித்தவர், தமிழ் வேகமாகப் படிப்பார், அவரே எடுத்துப் படிக்கிற மாதிரித் தமிழில் ஏதாவது இருந்தால் இன்னும் சந்தோஷம்.

மாடலின் மில்லரின் 'சர்சி' படித்துவிட்டேன், கிரேக்கப் புராணத்தில் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட சூனியக்காரியின் கதை.

---

ஈரோட்டு மஞ்சள்:

ஒரே ஒரு புத்தகம்தான் சொல்ல முடியும் என்றால் நான் சொல்வது நவோமி நோவிக் எழுதிய 'ஸ்பின்னிங் சில்வர்', 2018இல் வந்தது.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், கதை தொடங்குவதே வட்டிக்கடையில். நம் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். எங்கள் அப்பா பைனான்ஸ் நடத்தியவர். வசூலுக்குப் போகும்போது மொபெட்டின் பின்னால் என்னை உட்காரவைத்து நோட்டைக் கொடுத்துவிடுவார், வரவு எழுதுவது என் வேலை. கடன் வாங்கியவர் வீட்டுப் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "அவரு இல்லீங்க" என்று சொல்லும்போது முகத்தைப் பார்க்க மாட்டேன். அந்த நாவலின் முதல் ஐம்பது பக்கம் படித்தபோது இரண்டு மூன்று தடவை புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மிரியம் ஒரு யூதக் குடும்பத்துப் பெண். அவள் அப்பா கடன் கொடுப்பவர், ஆனால் திருப்பிக் கேட்கத் தெரியாத மனுசன். வீட்டில் அம்மா நோயில் கிடக்கிறாள், ஊரார் அவர்கள் காசிலேயே நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இவர்களையே இளக்காரமாகப் பேசுகிறார்கள். ஒரு நாள் மிரியமே பையைத் தூக்கிக்கொண்டு வசூலுக்குக் கிளம்பிவிடுகிறாள். கடன்பட்ட ஒரு குடிகாரனின் மகள் வாண்டா, காசுக்குப் பதிலாக இவர்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். கடன்காரி வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட பெண் அழுதுகொண்டு வருவாள் என்றுதானே எதிர்பார்ப்போம்? வாண்டாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அப்பன் அடியிலிருந்து பகல் முழுக்கத் தப்பிக்கிறாள், வயிற்றுக்குக் கிடைக்கிறது, அவளைக் குடிக்காக எவனுக்காவது கட்டிக்கொடுப்பதும் தள்ளிப்போகிறது. மிரியம் அவளுக்குக் கணக்கு எழுதச் சொல்லித்தருகிறாள், வாண்டாவுக்கு அந்தக் கோடுகளும் எண்களும்தான் மந்திரம். அந்த வீட்டு அம்மா தன் மகளுக்கும் வாண்டாவுக்கும் வித்தியாசம் பார்க்காமல் சோறு போடுகிற இடங்களை நங்கைக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள்.

அப்புறம்தான் பனிநாட்டு அரசன் வருகிறான், வெள்ளியைத் தங்கமாக மாற்றித்தா என்று மிரட்டுகிறான், மாயம் எல்லாம் அங்கிருந்து விரிகிறது. மூன்றாவதாக இரினா என்று ஒரு பிரபுவின் மகள். அழகில்லாதவள் என்று தகப்பனே ஒதுக்கி வைத்தவள், அவளைப் பேய் பிடித்த ராஜாவுக்குக் கட்டிவைத்துவிடுகிறார்கள். அவளுக்கும் அவளை வளர்த்த கிழவி மாக்ரெட்டாவுக்கும் உள்ள பிணைப்புத் தனி. கிழவி ஊசியும் நூலும் தவிர வேறு ஆயுதம் இல்லாதவள், ஆனாலும் பேய் பிடித்த அரண்மனைக்கு அந்தப் பெண்ணோடு வருகிறாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வட்டிக்கு விடுகிறவர்கள் என்று சொல்லியே ஐரோப்பாவில் யூதர்களைக் காலங்காலமாக வெறுத்து வந்தார்கள், அடித்து விரட்டினார்கள். அந்தப் பின்னணியை முதல் நாளே சொல்லிவிட்டால் ஊரார் மிரியத்தைப் பார்க்கிற பார்வை புரியும். அதைச் சொல்லாமல் விட்டால் கதையின் பாதி போய்விடும். சின்னக் கஷ்டம் இன்னொன்று, ஆளாளுக்கு மாறி மாறி "நான்" என்று சொல்கிற நாவல், போனில் சொல்லும்போது யார் பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் தெளிவாக்கிவிட வேண்டும்.

அதே ஆசிரியரின் 'அப்ரூட்டட்' 2015. அதில் அக்னியெஷ்காவுக்கும் காசியாவுக்கும் இடையில் உள்ள சிநேகிதம் அருமையானது. ஊரே காசியாவைத்தான் மந்திரவாதி கூட்டிப்போவான் என்று சின்ன வயதிலிருந்து நம்பிக்கொண்டிருக்க, இவளைக் கூட்டிப்போய்விடுகிறான். பின்னால் ஒரு மந்திரத்தின் வெளிச்சத்தில் இருவர் மனதிலும் அடியில் கிடந்த பொறாமை, கசப்பு எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்துவிடுகிறது, தெரிந்த பிறகும் கையை விடுவதில்லை. ஆனால் அந்த மந்திரவாதியோடு வருகிற காதல் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, எந்நேரமும் திட்டிக்கொண்டே இருக்கிறவனிடம் என்ன காதல்? படுக்கையறைக் காட்சியும் இருக்கிறது, மகள் பக்கத்தில் இருக்கும்போது பார்த்துச் சொல்லுங்கள்.

---

கொறங்காடு:

காங்கயம் பக்கம் ஆடு மேய்த்த வீட்டுப் பையன் நான். அதனால் டெர்ரி பிராட்செட்டின் டிஃபனி ஏக்கிங் கதைகளைத்தான் சொல்வேன். முதல் புத்தகம் 'தி வீ ஃப்ரீ மென்', 2003. மொத்தம் ஐந்து. மகளுக்கு இதைவிடப் பொருத்தமாக நான் எதையும் படித்ததில்லை.

டிஃபனிக்கு ஒன்பது வயது. சுண்ணாம்புப் பாறை மேல் குட்டைப் புல் வளர்ந்த மேட்டுநிலம், ஊர் முழுக்கச் செம்மறி ஆடு. அவள் தம்பியை ராணி ஒருத்தி தூக்கிப்போய்விடுகிறாள், இவள் இரும்பு வாணலி ஒன்றை எடுத்துக்கொண்டு மீட்கக் கிளம்புகிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் புத்தகம் முழுக்க நிறைந்திருப்பது செத்துப்போன பாட்டி. அவளை ஊரே கிரானி ஏக்கிங் என்று கூப்பிடும், ஆடு மேய்க்கிறவள், சக்கரம் வைத்த குடிசையில் மந்தையோடேயே இருப்பாள், அதிகம் பேச மாட்டாள், புகையிலை பிடிப்பாள், சாக்குப்பையைப் போர்த்திக்கொண்டு மழையில் நிற்பாள். தண்டர், லைட்னிங் என்று இரண்டு நாய்கள்.

கிழுவ வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக இருக்கிற எங்கள் கொறங்காட்டைத் தவிர வேறு எதுவும் எனக்கு அந்தப் புத்தகத்தில் தெரியவில்லை. எங்கள் அப்பத்தா ஒரு சினை ஆட்டைத் தொட்டுப் பார்த்தே இன்றைக்கா நாளைக்கா என்று சொல்லிவிடும். அந்த ஊரில் அதைத்தான் மாயம் என்கிறார்கள்.

ஒரு இடம் சொல்கிறேன், இதற்காகவே படிக்கலாம். டிஃபனி சின்னப்பிள்ளையாக இருந்தபோது சந்தையில் ஒரு பீங்கான் பொம்மை கிடைக்கிறது. அழகான கவுன் போட்ட, வெள்ளை வெளேர் என்று இருக்கிற ஆட்டிடைச்சி பொம்மை. ஆசையாகக் கொண்டுவந்து பாட்டியிடம் கொடுக்கிறாள். பாட்டி அதைப் பார்க்கிறாள், ஒன்றும் சொல்வதில்லை. பாட்டி செத்த பிறகுதான் பிள்ளைக்கு உறைக்கிறது, சாக்கு போர்த்திச் சேற்றில் நிற்கிறவளிடம் இப்படி ஒரு பொம்மையைக் கொடுத்தது அவளைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிட்டதோ என்று. கேட்கவும் முடியாது இனி. நான் அதைப் படித்தபோது பஸ்ஸில் இருந்தேன், ஊதியூர் மலை தெரிகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இன்னொரு விஷயமும் மகளுக்குச் சொல்ல வேண்டியது. டிஃபனி ஏன் சூனியக்காரி ஆக நினைக்கிறாள் தெரியுமா? ஊரில் தனியாக இருந்த ஒரு கிழவியைச் சூனியக்காரி என்று சந்தேகப்பட்டு வீட்டை இடித்துத் துரத்திவிட்டார்கள், குளிரில் அவள் செத்துப்போனாள். அந்த மாதிரி இன்னொரு முறை நடக்கக் கூடாது, அதற்கு ஒருத்தி வேண்டும், அது நானாக இருக்கட்டும் என்பதுதான் அவள் முடிவு. முதல் புத்தகத்தின் கடைசியில் கிரானி வெதர்வேக்ஸ் என்கிற மூத்த சூனியக்காரி தலைகாட்டுகிறாள், இரண்டாவது புத்தகத்திலிருந்து நிறையவே வருகிறாள். பாராட்டியே பேசாத குரு. கடைசிப் புத்தகம் 'தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்' ஆசிரியர் இறந்த பிறகு 2015இல் வந்தது, அதை அவசரப்பட்டு எடுக்காதீர்கள், வரிசையாகப் போங்கள்.

நங்கை தாமே படிக்க: பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை', 2016. அசுரன் மாதிரி ஒரு ஆள் வந்து கறுப்புக் குட்டி ஒன்றைக் கிழவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறான், அது ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடும். ஆட்டுக்குக் கணக்கெடுத்துக் காது குத்துகிற அரசாங்கம், பஞ்சம் எல்லாம் உண்டு. ஆனால் கிழவிக்கும் அந்தப் பெண்குட்டிக்கும் நடுவில் இருப்பதுதான் நாவல். ஆடு வளர்த்தவருக்கு ஒரு வார்த்தை கூட விளக்கத் தேவையில்லை. சோகமானது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

---

கோபி வாய்க்கால்:

உர்சுலா லெ குவின் எழுதிய 'டெஹானு', 1990.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வயதில் ஒரு ஃபேண்டசி நாவலில் என்னைப் போல ஒருத்தி கதாநாயகியாக வருவாள் என்று நினைக்கவே இல்லை. டெனார் நடுத்தர வயது விதவை, பண்ணையம் பார்க்கிறவள், பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். பெற்றவர்களே நெருப்பில் தள்ளிவிட்ட ஒரு பெண்குழந்தை, பாதி முகம் வெந்து கிடக்க, அவள் கைக்கு வருகிறது. அந்தக் குழந்தையை வளர்ப்பதுதான் கதை. பெரிய மந்திரவாதி ஒருவரும் வருகிறார், சக்தி எல்லாம் போய்த் தளர்ந்து வருகிறார், அவரையும் இவளே பார்த்துக்கொள்கிறாள். மாஸ் என்று ஊர்ச் சூனியக்காரக் கிழவி ஒருத்தி இருக்கிறாள், அழுக்கானவள், படித்தவர்கள் மதிக்காதவள். அவளும் டெனாரும் ராத்திரி உட்கார்ந்து ஆண்களின் சக்தி எது, பெண்களின் சக்தி எது என்று பேசிக்கொள்கிற பகுதியை நான் நாலைந்து தடவை படித்திருக்கிறேன்.

கப்பலுக்குப் போன மகன் திரும்பி வருவான். சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவான். டெனார் அதைப் பார்த்து, இவனை நான் சரியாக வளர்க்கவில்லை என்று நினைப்பாள். இதற்குமேல் நான் எழுத விரும்பவில்லை.

இதற்கு முன்னால் 'தி டூம்ப்ஸ் ஆஃப் அதுவான்' என்று 1971இல் வந்த நாவலைப் படித்துவிடுங்கள், டெனார் அதில் சிறுமி. கல்லறைத் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடப்பட்டவள். இரண்டுக்கும் இடையில் ஆசிரியருக்குப் பத்தொன்பது வயது கூடியிருக்கிறது, அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். குழந்தைக்கு நேர்ந்த கொடுமை கனமாக இருக்கும், உங்கள் மகளிடம் எவ்வளவு சொல்வது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

---

பேரூர் படித்துறை:

காதலிக்கிற இரண்டு பெண்கள் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது, பொதுவாக இதைக் கேட்கத் தயங்குவார்கள், அல்லது வேறு ஏதாவது பெயர் வைத்துக் கேட்பார்கள்.

தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்', 2021. அடுத்த வருஷம் உலக ஃபேண்டசி விருது வாங்கியது. மூன்று பாகமும் வந்துவிட்டது, கடைசி 2024இல். மாலினி ஒரு ராஜகுமாரி. பேரரசனான அண்ணன் அவளைச் சிதையில் ஏறச் சொல்கிறான், அவளுடைய இரண்டு தோழிகள் ஏறி எரிந்துபோகிறார்கள், இவள் மறுக்கிறாள். அதற்காகப் பாழடைந்த ஒரு கோயிலில் சிறை வைக்கப்படுகிறாள். அங்கே அவளுக்குப் பணிவிடை செய்ய வருகிற பிரியா, சிறுமியாக இருந்தபோது அந்தக் கோயிலிலேயே வளர்ந்தவள், தன் சக்தியை மறைத்துக்கொண்டிருப்பவள். இருவரும் ஒருவரை ஒருவர் பயன்படுத்திக்கொள்ளத்தான் தொடங்குகிறார்கள். காதல் வந்த பிறகும் அந்தக் கணக்கு முழுதாகப் போய்விடுவதில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. அதே வீட்டில் பூமிகா என்று ஒருத்தி, நாட்டைப் பிடித்த அதிகாரிக்கு மனைவியாகி, நிறைமாத வயிற்றோடு, உள்ளேயிருந்தே தன் மக்களைக் காப்பாற்றுகிறவள். பிரியாவுக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பது கூடப்பிறந்த உறவு போல. மனிதர் உடம்பில் செடி முளைக்கிற நோய் ஒன்று வருகிறது, மாயம் எல்லாம் நம் மண்ணின் வாசனையோடு இருக்கும். பெயர்கள் நமக்குப் பழகியவை என்பதால் நங்கைக்குச் சொல்வதும் எளிது. ஆனால் பெரிய புத்தகம், வன்முறையும் நிறைய.

சின்னதாக வேண்டும் என்றால் ங்கி வோ எழுதிய 'தி எம்ப்ரஸ் ஆஃப் சால்ட் அண்ட் ஃபார்ச்சூன்'. நூற்றுச் சொச்சம் பக்கம்தான், 2021இல் குறுநாவலுக்கான ஹியூகோ விருது. வயதான பணிப்பெண் ஒருத்தி, நாடுகடத்தப்பட்ட ராணியோடு வாழ்ந்த கதையை, வீட்டில் மிச்சம் இருக்கிற பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிச் சொல்கிறாள். பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி. போனில் நாலு நாளில் முடிந்துவிடும்.

---

குளத்தேரி:

'சர்சி' படித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அது நீங்கள் கேட்கிற வகைதானா என்று எனக்குச் சந்தேகம். முக்கால் புத்தகம் அவள் தீவில் தனியாகத்தான் இருக்கிறாள். வந்து போகிறவர்கள் எல்லாம் ஆண்கள். அப்பா, ஹெர்மீஸ், டீடலஸ், ஒடிசியஸ் என்று வரிசை. தண்டனையாகத் தீவுக்கு அனுப்பப்படுகிற பெண்களை அவள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

---

பேரூர் படித்துறை:

குளத்தேரிக்கு: பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தங்கை பசிஃபேயின் பிரசவத்துக்குக் கிரீட் போகிற பகுதியை மறந்துவிட்டீர்கள். இருவரும் கடைசியாக மனம்விட்டுப் பேசுகிற இடம் அது, அன்பாக அல்ல, ஆனால் உண்மையாக. அப்புறம் ஒடிசியஸின் மனைவி பெனலபி. புருஷனின் இன்னொருத்தியும் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள், கடைசியில் அந்தத் தீவையும் மூலிகை வேலையையும் பெனலபியிடமே விட்டுவிட்டுப் போகிறாள் சர்சி. கடைசிக் கால் பாகத்துக்காக நான் அதைச் சேர்த்துக்கொள்வேன்.

---

பெருந்துறைத் தமிழம்மா:

முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். ஆங்கில நாவல்கள் எனக்குப் பழக்கம் இல்லை, நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படிக்கும்போது ஆசையாக இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன், யாருமே மணிமேகலையைச் சொல்லவில்லையே?

பாடத்தில் வந்ததை மறந்துவிட்டுக் கதையாக மட்டும் பாருங்கள். மணிமேகலையும் தோழி சுதமதியும் பூப்பறிக்கத் தோட்டத்துக்குப் போகிறார்கள், பொங்கலுக்கு நம் பெண்பிள்ளைகள் பூப்பறிக்கும் நோன்புக்குக் கிளம்புவது மாதிரி. இளவரசன் துரத்தி வருகிறான், மணிமேகலை பளிங்கு மண்டபத்துக்குள் ஒளிந்துகொள்கிறாள். ராத்திரி அவள் பெயர் கொண்ட தெய்வமே வந்து, தூங்கிக்கொண்டிருப்பவளைக் கடல் தாண்டித் தூக்கிப்போய்த் தீவில் விடுகிறது. மூன்று மந்திரம் கொடுக்கிறது, வேற்றுருவம் கொள்ள ஒன்று, வானில் பறக்க ஒன்று, பசிக்காமல் இருக்க ஒன்று. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கிடைக்கிறது. பேசுகிற தூண்பாவை இருக்கிறது. இது ஃபேண்டசி இல்லையென்றால் வேறு எது?

இப்போது உறவுகளைப் பாருங்கள். பாட்டி சித்திராபதி, குலத்தொழிலுக்கு இழுக்கிறாள். அம்மா மாதவி, அதிலிருந்து விலக்குகிறாள். நடுவில் பேத்தி. அமுதசுரபியில் முதல் பிச்சை இடுவதற்கு ஒரு பெண்ணைத்தான் தேடிப் போகிறாள், ஆதிரையின் வீட்டுக்கு. காயசண்டிகை என்று ஒருத்தி, முனிவர் சாபத்தால் பன்னிரண்டு வருஷம் யானைத்தீ என்கிற அடங்காப் பசியோடு அலைகிறவள், அவள் வயிறு மணிமேகலை இட்ட சோற்றில்தான் அடங்குகிறது. இளவரசனிடமிருந்து தப்ப மணிமேகலை எடுத்துக்கொள்கிற உருவம் அந்தக் காயசண்டிகையின் உருவம். அதனால் வருகிற குழப்பத்தில் இளவரசன் கொலையாகிறான். அவன் அம்மா, ராணி, மணிமேகலையைச் சிறையில் போட்டு என்னென்னவோ கொடுமை செய்து பார்க்கிறாள், மருந்து கொடுத்துப் பார்க்கிறாள், பட்டினி போட்டுப் பார்க்கிறாள். பெற்ற வயிறு எரிகிறது. மணிமேகலை அவளைச் சபிக்கவில்லை, அவள் துக்கத்தை விளக்கிச் சொல்லித் தேற்றுகிறாள். கடைசியில் அந்த ராணி எழுந்து இவளைத் தொழுகிறாள். மகனைச் சாகக் கொடுத்த தாயும் அந்தச் சாவுக்குக் காரணமாக நினைக்கப்பட்டவளும் ஒரு அறையில். இதை வகுப்பில் நடத்தும்போது பின்வரிசைப் பெண்கள் கூட அசையாமல் இருப்பார்கள்.

உ.வே.சா. 1898இல் அச்சிட்டுக் கொடுத்தது. செய்யுளை நேராகப் படிப்பது சிரமம், ந.மு. வேங்கடசாமி நாட்டாரும் ஔவை துரைசாமிப் பிள்ளையும் எழுதிய உரையோடு படித்தால் கதை பிடிபடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசு இல்லாமலே கிடைக்கிறது. முப்பது காதை, முப்பது ராத்திரி. கடைசியில் வருகிற சமய வாதங்களை வேகமாகக் கடந்துவிடலாம், நான் அப்படித்தான் செய்வேன்.

இன்னும் ஒன்று, உங்கள் நங்கைக்காக. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் சாலினி என்கிற பெண் சாமியேறிக் கண்ணகியைப் பார்த்துக் கொங்கச் செல்வி என்கிறாள். நூலின் முன்னால் வரும் உரைபெறு கட்டுரையில், கொங்கிளங்கோசர் தங்கள் நாட்டில் கண்ணகிக்கு விழா எடுத்தார்கள், மழை தவறாமல் பெய்தது என்று வருகிறது. அங்கே கண்ணகியைக் குறிக்கிற சொல் நங்கை.

அண்ணன்மார் கதையையும் விட்டுவிடாதீர்கள். பொன்னர் சங்கர் என்று இருவர் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பிள்ளை வேண்டித் தவம் கிடந்த தாமரையும், வரப்போவதைக் கனவில் காண்கிற அருக்காணித் தங்காளும் இல்லாமல் அந்தக் கதை ஒரு அடி நகராது. உடுக்கடிப் பாட்டில் தங்காள் அண்ணன்மாரைத் தேடிப் படுகளத்துக்குப் போகிற ராத்திரியைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பிரெண்டா பெக் என்கிற கனடாக்காரர் 1960களில் காங்கயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி இந்தக் கதை முழுவதையும் பதிவு செய்தார். உங்கள் ஊரில் வயதானவர்கள் யாராவது பாடுவார்களா என்று விசாரித்துப் பாருங்கள், நங்கைக்கே தெரிந்திருக்கும்.

---

தாராபுரத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தமிழம்மாவுக்குத் தனியாக. அந்த நங்கை என்கிற சொல்லைப் போனில் சொன்னபோது, "அட, அப்பிடியா போட்டிருக்குது?" என்று இரண்டு தடவை கேட்டார். தங்காள் கதை அவருக்குத் தெரியுமாம். அவர் அப்பிச்சி உடுக்கை அடிப்பாராம். பதினெட்டு வருஷத்தில் எனக்கு இது தெரியாது. அதை அவர் சொல்ல நான் கேட்பதாக ஏற்பாடு, வாரத்துக்கு ஒரு நாள்.

மகளுக்காக டிஃபனியில் ஆரம்பித்தோம், ஐந்து நாள் ஆகிறது. நேற்று அந்தப் பீங்கான் பொம்மை வரை வந்தேன். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் நங்கை சொன்னார். "நான் கண்ணாலமாகி வந்த புதுசுல உங்கம்மாளுக்குத் திருப்பூர்ல இருந்து பூப்போட்ட கொடை ஒண்ணு வாங்கிட்டு வந்து குடுத்தேன் அம்மிணி. ஒரு நாளும் புடிக்கல. மழை வந்தா உரச்சாக்கை மடிச்சுக் கொங்காடை போட்டுட்டுத்தான் கட்டுத்தரைக்குப் போவாங்க. கவுறு புடிக்கிற கையில கொடைய எங்க புடிக்கறதுன்னு எனக்கு அப்பத் தோணல. கிண்டல் பண்ணுனேன்னு நெனச்சுட்டாங்களோ என்னமோ."

அம்மா கடைசி மூன்று வருஷம் திருப்பூரில் என்னோடு இருந்தார். வரும்போது கொண்டுவந்த பெட்டி இன்னும் என் வீட்டு அட்டாலியில் இருக்கிறது. அந்தக் குடை அதில்தான் இருக்கிறது, பழைய சேலையில் சுற்றி. யார் கொடுத்தது என்று அம்மா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

போனில் சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை ஷிப்மெண்ட் முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறேன், குடையை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். கொறங்காடு, இரண்டாவது புத்தகம் உங்களிடம் இருந்தால் இரவல் தருவீர்களா, காங்கயம் வழியாகத்தான் போவேன்.